இரண்டு கிணறுகளுக்கு நடுவே

முள் அசையவில்லை. அசைந்துவிடக் கூடாதே என்றுதான் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எரிவாயுக் கிணற்றில் எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. நாலாம் கிணறு என்பது தரைக்கு மேலே ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாயும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிய வால்வுகளும்தான். அதன் பக்கவாட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் அழுத்தமானி. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தக் கறுப்பு முள்ளைத்தான் கிணறு தோண்டும் ரிக் இயந்திரத்து ஆட்கள் காலையிலிருந்து சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறி, தலைக்கவசத்துக்குள் வியர்வை ஊறிக் காதோரம் வழிந்தது. யாரும் நகர்வதாயில்லை.

"மாமா, நீ மூச்சு விட்டா கண்ணாடில ஆவி படியுது. கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன்," என்றான் குருவி.

"நீ வாய மூடு மாப்ள. உன் சத்தத்துக்கே முள்ளு ஆடிடும்," என்றான் சங்கிலி.

சங்கிலி ரிக் மேடையில் நின்று குழாய்களைப் பூட்டுகிறவன். ஒரு தடவை அறுந்த சங்கிலி எகிறி வந்து முன்பல்லைக் கொண்டுபோனது. பல்லுக்குப் பதிலாகப் பெயர் கிடைத்தது. குருவி அவன் மனைவியின் தம்பி. ரிக் கோபுரத்தின் உச்சித் தட்டில் இடுப்பில் வார் கட்டிக்கொண்டு நிற்பது அவன் வேலை. மேலே நின்று பேச ஆளில்லாததால் கீழே இறங்கினால் வாய் ஓயாது.

இப்போது ஏறி நிற்கத்தான் கோபுரம் இல்லை. இந்த எரிவாயு வயலில் தோண்ட வேண்டிய கிணறுகளெல்லாம் தோண்டி முடிந்து, ரிக் பல வாரங்களாகப் படுத்துக் கிடந்தது. 'புதுப் புள்ளி விழலன்னா பிரிச்சு லாரில ஏத்த வேண்டியதுதான்' என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். ரிக் கிளம்பினால் ஆட்கள், பெண்டாட்டி பிள்ளைகள், பாத்திரம் பண்டம் எல்லாம் பின்னாலேயே கிளம்ப வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து சங்கிலியின் பிழைப்பு அப்படித்தான். குடியிருந்த எந்த வீட்டுச் சுவரிலும் அவன் ஆணி அடித்ததில்லை.

இந்தத் தடவை மட்டும் கிளம்ப மனசு வரவில்லை. காரணம் அவன் மகள். போன பள்ளிக்கூடங்களிலெல்லாம் அவளுக்கு ஒரே பெயர், 'புதுசு'. ஏய் புதுசு, கடைசி பெஞ்சுல உக்காரு. ஏய் புதுசு, உங்கிட்டப் புத்தகம் இருக்கா. உண்மைப் பெயர் ஆசிரியைகளின் வாயில் நுழைவதற்குள் ரிக் கிளம்பிவிடும். இங்கே வந்துதான் ஒரு வகுப்பில் தேறி, அடுத்த வகுப்புக்கும் அதே வாசல் வழியாக உள்ளே போனாள். சமீபத்தில் வேறொரு பெண் வந்து சேர்ந்தபோது, ஆசிரியை இவளைக் காட்டி, அந்த அக்கா பக்கத்துல போய் உக்காரு, எல்லாம் சொல்லித் தருவா என்றாளாம். அன்றைக்கு மகள் பையைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்து, "அப்பா, நான் பழசாயிட்டேன்!" என்று குதித்தாள்.

சங்கிலி பல்லில்லாத இடம் தெரியச் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. முகாமின் சலவைக் கூடத்தில் நாள் முழுக்கச் சேறும் கிரீஸும் படிந்த உடுப்புகளைத் துவைத்துவிட்டு வந்த கையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ படிப்ப முடிக்கிற வரைக்கும் நான் இங்கருந்து நகர மாட்டேன். ரிக்கு போனா, ரிக்கக் கட்டிக்கிட்டு நீ போ," என்றாள்.

அது வெறும் பேச்சு என்று அவளுக்கே தெரியும். ரிக் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு ரிக்கோடு வந்தது. ரிக் இல்லாவிட்டால் வீடும் இல்லை.

அந்த நேரத்தில்தான் புள்ளியம்மா வந்து சேர்ந்தாள். தலைமை அலுவலகத்துப் பொறியாளர். வரைபடத்தில் அவள் ஒரு புள்ளி வைத்தால் அந்த இடத்தில் ஒரு கிணறு. அதனால் நேரில் மேடம், பின்னால் புள்ளியம்மா. வந்த அன்றைக்கே ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில் ஒரு பாறைத் துண்டை வைத்துக்கொண்டு பேசினாள்.

"இந்தப் பாறை ரொம்ப இறுக்கம். உள்ள கேஸ் இருக்கு, ஆனா நகராது. கிணறு தோண்டி, தண்ணிய அழுத்திப் பாறைய விரிய வச்சாலும், சுத்தி ஒரு கொஞ்ச தூரம்தான் காலியாகும். அதுக்கு அந்தப் பக்கம் உள்ளது அப்படியே இருக்கும்னு நான் சொல்றேன். மேல உள்ளவங்க இல்லங்கறாங்க. எல்லாம் ஒரே பானைதான், பழைய கிணறே எல்லாத்தையும் உறிஞ்சிடும்னு சொல்றாங்க."

"புரிஞ்சிருச்சு மேடம்," என்றான் குருவி. "எங்க மாமா மாதிரி. கையெட்டுற தூரத்துல இருக்கறதத்தான் எடுத்துத் தின்பாரு. தள்ளி இருக்கறத எடுக்கணும்னா ஆள் வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். புள்ளியம்மாவும் சிரித்துவிட்டாள். "அந்த ஆளத்தான் நானும் கேக்கறேன். ரெண்டு கிணத்துக்கு நடுவுல இன்னொண்ணு. ஆனா நிரூபிச்சுக் காட்டணும்."

நிரூபிக்கும் வழி எளிது. ஏழாம் கிணற்றை முழுக்கத் திறந்துவிட வேண்டும். அடுத்திருக்கும் நாலாம் கிணற்றை இறுக மூடி, முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே இரண்டுக்கும் போக்குவரத்து இருந்தால், அங்கே கேஸ் போகப் போக இங்கே அழுத்தம் குறையும், முள் இறங்கும். இறங்காவிட்டால் நடுவில் உள்ள பாறையை இன்னும் எவரும் தொடவில்லை என்று அர்த்தம். சோதனை வாரக்கணக்கில் நடந்தது. அழுத்தத்தைப் பதிய மின்கருவி ஒன்று தனியாக இருந்தது. இருந்தாலும் வேலையில்லாத ரிக் ஆட்கள் முள்ளுக்குக் காவல் இருந்தார்கள். முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். முள் நின்ற இடத்தில் நின்றது.

இன்றைக்குக் கடைசி நாள். புள்ளியம்மா மடிக்கணினியை ஒரு எண்ணெய் பீப்பாய் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். மதியம் ஆனதும் கடைசி அளவு எடுக்கலாம் என்றாள். சங்கிலி முன்னால் வந்து, நடுவிரலை மடக்கிக் கண்ணாடியில் ஒரு சுண்டு சுண்டினான். ரிக்கில் அளவு பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அது. சுண்டாமல் படித்தால் படித்த மாதிரியே இருக்காது.

முள் துள்ளி, ஒரு மயிரிழை கீழே இறங்கி நின்றது.

"ஐயோ!" என்று குருவி தலையில் கை வைத்தான். "கெடுத்தியே மாமா! இத்தன நாளும் சிவனேன்னு நின்னுச்சு. உன் கை விளங்குமா?"

சங்கிலியின் முகம் வெளுத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒருத்தர் இன்னொரு தடவை சுண்டினால் மேலே ஏறும் என்றார். இன்னொருத்தர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். புள்ளியம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் மட்டும் பீப்பாயின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது.

"கருவியில ஒரு மாத்தமும் இல்ல," என்றாள் அவள். "முள்ளு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு, அவ்வளவுதான். கோடு பாருங்க. நேர்கோடு. முதல் நாள்லேருந்து நேர்கோடு!"

யார் முதலில் கத்தியது என்று தெரியவில்லை. தலைக்கவசங்கள் மேலே பறந்தன. குருவி தன் மாமனை இடுப்போடு தூக்கிச் சுற்றினான். புள்ளியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தலைமை ஆபீசுக்கு இப்பவே பேசறேன்," என்று வண்டியைப் பார்த்து ஓடினாள். ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதைக்கூட அவள் திரும்பி எடுக்கவில்லை. சங்கிலிதான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

அனுமதி வந்த அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, புள்ளியம்மா வயலின் வரைபடத்தை விரித்தாள். லைன் வீட்டுக் குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. பழைய கிணறுகள் கறுப்பு வட்டங்களாக, எட்ட எட்ட இருந்தன. நடுவில் வெறும் வெள்ளைத் தாள். அவள் அளவுகோலை வைத்து இரண்டு கறுப்பு வட்டங்களுக்கு நடுவே அளந்து சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். கூடத்தில் விசில் பறந்தது. அடுத்த புள்ளி. மறுபடியும் விசில். ஒவ்வொரு புள்ளியும் பல மாதத்து வேலை. குருவி மேசை மேல் ஏறி நின்றுகொண்டு, "இன்னும் வைங்க மேடம், மை தீர்ந்தா நான் வாங்கித் தர்றேன்!" என்றான். அவன் அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். அவள் முகத்திலும் சிரிப்பு அடங்கவில்லை.

நாலாம் கிணற்றுக்கும் ஏழாம் கிணற்றுக்கும் நடுவே வந்ததும் புள்ளியம்மா நிறுத்தினாள். "எல்லாத்துலயும் நல்ல இடம் இதுதான். இந்த ஒரு இடத்துக்குத்தான் கையில சாட்சி இருக்கு." பேனாவைச் சங்கிலியிடம் நீட்டினாள். "முள்ளுக்குக் காவல் இருந்தது நீங்க. நீங்களே வைங்க."

சங்கிலி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். மகள் அவன் முழங்கைக்குக் கீழே நுழைந்து எட்டிப் பார்த்தாள். புள்ளியம்மா பிடித்த அளவுகோலின் சரிபாதியில், வெள்ளைத் தாளில், பேனாவை அழுத்தி ஊன்றினான். புள்ளி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

"கொஞ்சம் தள்ளி வச்சா ஆகாதா மேடம்?" என்று ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவன் கேட்டான்.

"தள்ளி வச்சா பழைய கிணறு தின்ன எடத்துல விழுந்திரும்," என்று சங்கிலியே பதில் சொன்னான். அந்தப் பதிலை இரண்டு மூன்று நாளைக்குக் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். குளிக்கும்போதுகூட வாளிக்கு அதைச் சொல்லியிருப்பான் என்றாள் மனைவி.

வரைபடத்துப் புள்ளிகளைத் தரையில் குறிக்க சர்வேயர் வந்தார். நரைத்த மீசை, ஒடிசலான ஆள். கையில் உச்சியில் வெள்ளைக் குமிழ் வைத்த ஒரு கம்பு. அது செயற்கைக்கோளிலிருந்து இடத்தைக் கேட்டு, பக்கத்தில் மாட்டிய சின்னத் திரையில் அம்புக்குறியாகக் காட்டும். அவருடைய உதவியாட்களை வேலையில்லாத நாட்களில் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். முளை அடிக்க ஆள் வேண்டும் என்றதும் சங்கிலியும் குருவியும் சம்மட்டியோடு போய் நின்றார்கள்.

அது வேலையாகவே இல்லை. புதருக்குள் புகுந்து, முள்வேலி தாண்டி, அம்புக்குறி காட்டும் இடத்தில் மரமுளையை ஊன்றி, சங்கிலி ஒரே அடியில் பாதி இறக்குவான். குருவி அதன் தலையில் சிவப்பு நாடா கட்டுவான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வான். இது என் கல்யாணத்துக்கு, இது மாமா பல்லு கட்ட, இது அக்கா புடவைக்கு. சர்வேயர் அதிகம் பேசாத மனிதர். அவரே இரண்டு தடவை சிரித்துவிட்டார். நாலுக்கும் ஏழுக்கும் நடுவே உள்ள தன் புள்ளியைக் கடைசிக்கு வைக்கச் சொல்லிச் சங்கிலி கேட்டுக்கொண்டான். அதற்கென்று முளைகளில் வளையாத ஒன்றை எடுத்து ஒதுக்கி வைத்திருந்தான்.

அம்புக்குறி அவர்களை வண்டிப்பாதைக்குக் கூட்டிவந்தது. பாதையைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தாண்டி லைன் வீடுகளின் கம்பி வேலி.

"சார், உங்க கருவி டீ வாசம் பிடிச்சுக்கிட்டு வருது போல," என்றான் குருவி.

சர்வேயர் வேலியின் படலைத் திறந்தார். துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து போனார். வரிசையில் மூன்றாவது வீட்டு வாசலில் நின்று திரையைப் பார்த்தார். பின்வாங்கி வந்து மறுபடியும் போனார். அங்கேயேதான் வந்து நின்றார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

"இன்னும் உள்ள போகுது," என்றார்.

"அது எங்க வீடு சார்," என்றான் சங்கிலி. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கூரைக்குக் கீழே கருவி வேலை செய்யாது. சர்வேயர் வெளிச்சுவரின் இரண்டு மூலைகளையும் குறித்துக்கொண்டு, அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையைக் குருவியிடம் கொடுத்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். முன்னறையைத் தாண்டி நாடா அடுப்படிக்குள் போனது.

சலவைக் கூடத்தில் அரைநாள் விடுப்பு என்பதால் சங்கிலியின் மனைவி வீட்டில் இருந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெளியாளைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு, "வாங்க. முளையெல்லாம் அடிச்சாச்சா? டீ போடட்டுமா?" என்றாள்.

"அடுப்பக் கொஞ்சம் நகத்தணும்மா," என்றார் சர்வேயர்.

"ஏன், கேஸ் ஒழுகுதா?"

அவள் தம்பியைப் பார்த்தாள். வாய் ஓயாத குருவி நாடாவின் நுனியைப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தான். புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் சம்மட்டி இருந்தது, அக்குளில் முளையும் சிவப்பு நாடாவும்.

"இங்கயா?" என்றாள்.

சங்கிலி கைபேசியை எடுத்துப் புள்ளியம்மாவைக் கூப்பிட்டான். நாலைந்து மணிச் சத்தத்துக்குப் பிறகு அவள் உற்சாகமாகவே எடுத்தாள். "சொல்லுங்க! உங்க புள்ளி அடிச்சாச்சா?"

"மேடம், அது எங்க வீட்டு அடுப்படில விழுது."

"வீடா? அங்க வீடு ஏது? என் மேப்புல அந்த எடம் சும்மா வெறுமையாத்தான் இருக்கு."

"லைன் வீடு மேடம். நீங்க வந்து டீ குடிச்சீங்களே."

"அது... அது தற்காலிகக் கட்டடம். மேப்புல ஏத்த மாட்டாங்க." அவள் மூச்சு கேட்டது. "எனக்குத் தோணவே இல்ல. நான் பழைய கிணத்துக்கு நடுவுல மட்டும்தான் பாத்தேன்."

"கொஞ்சம் தள்ளி..." என்று சங்கிலி ஆரம்பித்தான்.

"தள்ளி நின்னு சாய்ச்சுத் தோண்டலாம். கேட்டுப் பாக்கறேன். ஆனா அதுக்குச் செலவு அதிகம், மேல ஒத்துக்குவாங்கன்னு எனக்குத் தோணல. அனுமதி குடுத்ததே செலவு கம்மின்னு காட்டித்தான்." அவள் குரல் இறங்கியது. "மன்னிச்சிருங்க. நிஜமாவே எனக்குத் தெரியாது. வேலை உங்களுக்கு உறுதி, அதுல சந்தேகமே இல்ல."

"எங்களுக்கு வேற வீடு குடுப்பாங்களா மேடம்?" என்று மனைவி எட்டி நின்று கேட்டாள்.

அதற்குப் பதில் சர்வேயரிடமிருந்து வந்தது. "குடும்பம் இருக்கற வீடு எந்தக் கிணத்துக்கும் பக்கத்துல இருக்கக் கூடாதும்மா. பாதுகாப்பு விதி. இந்த வீடுங்களுக்கு எடம் குறிச்சதும் நான்தான். எல்லாக் கிணத்துக்கும் ரொம்ப தூரமா இருக்கற எடம் எதுன்னு கேட்டாங்க. இதக் காட்டினேன்."

"இப்ப?"

"இப்பப் புதுக் கிணத்துக்கும் அதையேதான் கேட்டிருக்காங்க." நாடாவை அவர் கையில் சுற்றிக்கொண்டார். "புதுக் கிணறெல்லாம் வந்துட்டா, அந்த அளவு தூரம் வயல்ல எங்கயும் மிச்சம் இருக்காது. ஆம்பளைங்க தங்க மட்டும் கொட்டகை போடுவாங்க. குடும்பத்த வெளியூர்ல வச்சுக்க வேண்டியதுதான்."

கைபேசியில் புள்ளியம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கிலி அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். அவனுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

மனைவிதான் முதலில் அசைந்தாள். பருப்புச் சட்டியைத் துணியால் பிடித்து இறக்கி ஜன்னல் திண்டில் வைத்தாள். அடுப்பை அணைத்து, குழாயோடு சேர்த்து இழுத்தாள். "நிக்கறியே, ஒரு கை புடி," என்றாள் புருஷனிடம். இருவருமாக அடுப்பு மேடைப் பலகையை எதிர்ச்சுவருக்குத் தள்ளினார்கள். கீழே தரையில் எண்ணெய்ப் பிசுக்கும் இரண்டு மூன்று பருப்பும் கிடந்தன. அவள் ஈரத்துணி எடுத்துவந்து அந்த இடத்தைத் துடைத்தாள். சர்வேயர் வேண்டாம்மா என்று சொல்லியும் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சிமெண்டுத் தரையில் முளை இறங்காது. இடித்த பிறகு அடித்துக்கொள்ளலாம், இப்போதைக்குக் குறி போட்டால் போதும் என்றார் சர்வேயர். சிவப்புப் பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் பையிலிருந்து எடுத்தார். குனிய முயன்றார், அவருக்கு இடுப்பு வலி. சங்கிலி டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மண்டியிட்டான்.

"குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. நடு சரியா இருக்கணும்," என்றார் சர்வேயர்.

அவன் சரியாகவே போட்டான். கோடு பிசகாமல், ஓரம் வழியாமல், நாலு முனையும் ஒரே நீளத்தில். சர்வேயர் படம் எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். குருவி வெளியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டான்.

மனைவி எதிர்ச்சுவரில் அடுப்பைப் பற்றவைத்தாள். பருப்பு பாதிதான் வெந்திருந்தது.

வேலிப் படல் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் பள்ளிப் பையோடு ஓடிவந்தாள். "அப்பா! முளை அடிச்சாச்சா? உன் புள்ளிக்கு நாடா கட்டினீங்களா? எங்க இருக்கு, என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு!" என்று வாசலிலேயே கேட்டாள்.

"மெதுவா வாடி," என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல் கிளறிக்கொண்டே. "சுவத்த ஒட்டி வா. மிதிச்சிராத, இன்னும் காயல."